வலி நின்ற பல்: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில் பல்வலி பற்றிய கேள்விகளை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணிப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் வலி எவ்வளவு கடுமையானது என்பது விரிவாக இருந்தது. அது எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது சிலவற்றில்தான் இருந்தது. பல் மருத்துவருக்கு முதலில் வேண்டியது பின்னதுதான்.

கேள்வி: எனக்கு வயது 34. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ஐந்தாறு மாதங்களாகவே ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். சென்ற மாதம் ஒரு வாரம் இரவில் கண்மூட முடியவில்லை. குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் சற்றுத் தணிந்தது. பிறகு ஒருநாள் காலை வலி தானாகவே நின்றுவிட்டது. மூன்று வாரங்களாக ஒன்றுமில்லை. "நின்ற வலிக்கு எதற்கு டாக்டர்?" என்கிறார் என் கணவர். போகத்தான் வேண்டுமா?
- வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: போக வேண்டும், அதுவும் இந்த வாரத்திலேயே போக வேண்டும். ஒரு பல் எப்படிச் சாகிறது என்பதை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் அளவுக்கு நீங்கள் வரிசை பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள்.

பல்லின் மேலுறையான எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது, கரைந்துவிட்டால் மறுபடி வளரவும் வளராது. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பண்டத்தையும் தின்று வாயிலுள்ள பாக்டீரியாக்கள் விடும் அமிலம் அதைச் சிறிது சிறிதாக அரிக்கும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. சொத்தை அடுத்த அடுக்கான டென்டினை எட்டும்போதுதான் கூச்சம் தொடங்குகிறது. டென்டின் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றிலுள்ள நீர் குளிர்ச்சி பட்டதும் அசைந்து உள்ளிருக்கும் நரம்பைச் சுண்டுகிறது. இந்தக் கட்டத்தில் தண்ணீரை விழுங்கிய ஓரிரு நொடிகளில் கூச்சம் மறைந்துவிடும். அப்போதே வந்திருந்தால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைப்பதோடு வேலை முடிந்திருக்கும்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மெல்லிய சதை இருக்கிறது. அதைப் பல்கூழ் என்பார்கள். கையில் அடிபட்டால் வீங்குவதற்குத் தோல் இடம் கொடுக்கும். பல்கூழ் வீங்கினாலோ சுற்றிலும் கல் போன்ற சுவர், வேர் நுனியில் ஊசித் துளை அளவே வழி, ஆகவே வீக்கம் முழுவதும் நரம்பின் மேலேயே அழுத்தமாக இறங்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடும் என்பதால் பகலில் எப்படியோ தாங்கிய வலி, இரவு பாயில் சாய்ந்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறது. காபியின் சூடு பட்டால் கூடுகிறது, குளிர்ந்த நீர் பட்டால் தணிகிறது என்ற நிலை வந்துவிட்டால் அந்தப் பல்கூழ் இனித் தேறாது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதக் காலை ஒன்றில் சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். நாற்காலியில் சாய்ந்த பிறகும் அதைக் கீழே வைக்க மறுத்தார். ஒரு மடக்கை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்களை மூடியிருப்பார். வாயின் சூட்டுக்குத் தண்ணீர் வந்ததும் முகம் சுருங்கும். துப்பிவிட்டு அடுத்த மடக்கு. பாட்டிலில் பாதி தீர்ந்திருந்தது, மீதியும் தீர்ந்தால் என்ன செய்வது என்பதே அவருடைய கவலையாக இருந்தது. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நோய் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தப் பல் என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கீழ்த்தாடை என்றார், பிறகு மேல்தாடை என்றார், கடைசியில் காது என்றார். அது அவர் குற்றமன்று. பல்கூழுக்கு வலிக்கத் தெரியுமே தவிர இடம் காட்டத் தெரியாது.

இப்போது உங்களுக்கு வலி நின்றிருக்கிறது. நரம்பு செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வலியைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று, நோய் போகவில்லை. உள்ளே தங்கிய கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து அந்தப் பல் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பது போலத் தோன்றும், மெல்லும்போது வலிக்கும், ஈறில் சிறு கொப்புளம் எழுந்து உடைந்து வாயில் உப்புக் கரிக்கும். அப்போது நீங்களே விரல் வைத்துப் பல்லைக் காட்டிவிடலாம், ஏனென்றால் வேரைச் சுற்றியுள்ள நார்களுக்கு இடம் சொல்லத் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பல் தாங்கும் என்றால் ரூட் கெனால் செய்வார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்களும் மூன்று குழல்களும் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்து அடைத்து மேலே கேப் போட வேண்டும். கேப்புக்குச் செலவழிக்க மனமில்லாமல் விட்டவர்களுடைய பல் பிளந்து, செய்த வைத்தியமும் வீணாவதை அடிக்கடி பார்க்கிறேன். பல்லில் மிச்சம் போதாவிட்டால் பிடுங்குவதுதான் வழி. செலவைக் கருதிப் பிடுங்கச் சொல்பவர்களை நான் குறை கூறுவதில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி சில வேளைகளில் சரியாகப் பிடிப்பதில்லை. தாங்க முடியாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களே ரூட் கெனால் என்றால் உயிர் போகும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரு வாரம் சளி பிடித்திருந்தது. அதன் பிறகு வலப்பக்க மேற்கடைவாய்ப் பற்கள் நான்கும் சேர்ந்தாற்போல் வலிக்கின்றன. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும்போது வலி கூடி முகமெல்லாம் கனக்கிறது. எந்தப் பல்லைப் பிடுங்குவது?
- வாசகர் ஒருவர், வாணியம்பாடி

பதில்: எதையும் பிடுங்க வேண்டாம். மேற்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகளுக்கு மேலே கன்ன எலும்புக்குள் சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. இடையிலுள்ள எலும்பு சிலருக்குக் காகிதம் போல் மெல்லியது. சளியால் அந்த அறை அடைத்துக்கொண்டால் அதன் கனம் கீழுள்ள பற்களில் வலியாகத் தெரியும். ஒரே பல் என்றில்லாமல் வரிசையாகப் பல பற்கள் வலிப்பதும், குனிந்தால் கூடுவதும் சைனஸுக்கு உரிய அடையாளங்கள். சஜ்தாவில் கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குறிப்பு எனக்கு எக்ஸ்ரேயைவிடப் பயன்பட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. மேற்பல் ஒன்றின் சீழ் சைனஸுக்குள் புகுந்து, ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட நாற்றத்தோடு சளி வரக்கூடும். ஆகவே சளி தீர்ந்தும் வலி தீராவிட்டால் பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பல் வலிக்கும் போதெல்லாம் மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு நாளைக்கு வாங்கிப் போடுகிறார். அம்மா கிராம்பு எண்ணெய் வைக்கச் சொல்கிறார். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலிருக்கும் புழு விழும் என்கிறார் பெரியம்மா. முன்பு ஒருமுறை கன்னம் வீங்கித் தானாக வடிந்தது. எதைச் செய்யலாம், எப்போது பயப்பட வேண்டும்?
- வாசகி ஒருவர், இராணிப்பேட்டை

பதில்: பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். பல்லுக்குள் புழு இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. புகையோடு விழுந்ததாகக் காட்டும் வெள்ளைத் துணுக்குகள் பல்லிலிருந்து வந்தவை அல்ல. "பூச்சிப் பல்" என்று நாம் வாய் தவறாமல் சொல்லிச் சொல்லி, பூச்சி ஒன்று உள்ளே இருப்பதாகவே நம்பிவிட்டோம்.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறிலும் கன்னத்திலும் தாராளமாகத் தடவினால் சதை வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொண்டு படுத்தவர்களுடைய கன்னத்தின் உட்புறம் வெளுத்து உரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். புகையிலையை அடக்கிக்கொள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரால் கொப்பளிப்பது கெடுதல் செய்யாது. கன்னத்தின் மேல் சூட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டாம். வேண்டுமானால் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம்.

அண்ணன் செய்வதுதான் இருப்பதிலேயே தவறானது. பல்கூழின் வீக்கத்தை ஆன்டிபயாடிக் குறைப்பதில்லை. நரம்பு செத்த பல்லுக்குள்ளோ இரத்த ஓட்டமே இல்லை, ஆகவே மருந்து உள்ளே போய்ச் சேர வழியில்லை. சீழ் பரவிக் காய்ச்சலும் வீக்கமும் வந்தால் அது தேவைப்படலாம், அப்போதும் பல்லைத் திறந்தோ பிடுங்கியோ சீழுக்கு வழி செய்வதோடு சேர்த்துத்தான். இரண்டு நாள் போட்டு நிறுத்துவதால் மருந்துக்குப் பழகிய கிருமிகளை வளர்ப்பதுதான் மிச்சம். மருத்துவரைப் பார்க்கும் வரையில் வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால், ஈரல் நோயும் குடிப்பழக்கமும் இல்லாத பெரியவர்கள் பாரசிட்டமால் 650 மில்லிகிராமை ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். வேறு மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், ஆஸ்துமா ஆகியவை இல்லாதவர்களுக்கு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடாதவர்களுக்கு, இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் உணவுக்குப் பின் ஓரிரு நாள் போடுவது பல்வலியை இன்னும் நன்றாகக் கேட்கும்.

எப்போது பயப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. வீக்கம் கன்னத்தோடு நிற்காமல் கண்ணை மூடும் அளவு ஏறினாலும், தாடைக்கு அடியில் கழுத்தை நோக்கி இறங்கினாலும், வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாவிட்டாலும், எச்சில் விழுங்க முடியாமல் வெளியே வழிந்தாலும், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சுக் குழறினாலும், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சுப் பாதையை அடைத்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. 1836-இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால் அதை அழைக்கிறோம். மணிக்கணக்கில் முற்றக்கூடியது. இரவு எத்தனை மணியானாலும் 108-ஐ அழைத்து, அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, உங்கள் பக்கத்தில் சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எது விரைவில் எட்டுமோ அங்கே, போய்விட வேண்டும். அண்ணனுக்கு ஒருமுறை வீங்கி வடிந்திருக்கிறது என்பதால் அவர் அதற்கு முன்பே பல்லைக் காட்டிக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் பட்டு நெசவாளி, வயது 52, ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முன்பற்கள் ஆடுகின்றன, பல் துலக்கினால் இரத்தம் வருகிறது, ஆனால் வலி சிறிதும் இல்லை. க்ளீனிங் செய்தால் பல் இன்னும் ஆடும் என்கிறார்கள். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது உண்மையா?
- வாசகர் ஒருவர், ஆரணி

பதில்: வலி இல்லாமலே பற்கள் விழுவதற்கு ஈறு நோய்தான் காரணம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. அதைச் சுற்றிக் கிருமிகள் குடியேற, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. தறியில் கால் தளர்ந்தால் நெசவு எப்படி நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்கு வராது. ஈறுக்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு சற்றே இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

க்ளீனிங் பல்லை ஆட வைப்பதில்லை. எலும்பு போன இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு பல்லை அசையாமல் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போங்கள்.

கண்ணைப் பற்றிய அச்சம் நம் பக்கத்தில் மூன்று தலைமுறையாகப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. மேற்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. சொல்லப்போனால், பிடுங்காமல் விட்ட மேற்பல்லின் சீழ் கண்ணைச் சுற்றிப் பரவினால்தான் கண்ணுக்கு ஆபத்து.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கடைசிப் பல் சொத்தையாகி, இனிப்புத் தின்றால் அழுகிறான். விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்கிறார் என் தாயார்.
- வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: அது விழுந்து முளைக்கிற பல்தானா என்பதை முதலில் பாருங்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். உங்கள் மகனுக்குக் கீழ்வரிசையில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக இருக்கும் பல் அதுவென்றால், அவன் ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அது. பால் பல்லாகவே இருந்தாலும் கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். இனிப்புக்கு மட்டும் வலிக்கிற இந்தக் கட்டத்தில் அடைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சோளிங்கர் பெரிய மலைக்குப் படியேறும்போது பாதி வழியில் இடப்பக்கக் கீழ்த்தாடையில் பல் வலிப்பது போல் வலித்தது. மண்டபத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. மறுபடி ஏறியதும் மறுபடி வந்தது. பக்கத்திலுள்ள பல் மருத்துவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சொத்தை எதுவும் இல்லை என்கிறார். எனக்கு வயது 57. வேறு நல்ல பல் மருத்துவர் யாரையாவது சொல்ல முடியுமா?
- வாசகர் ஒருவர், வாலாஜாபேட்டை

பதில்: உங்களுக்கு வேண்டியவர் இதய மருத்துவர். உங்கள் பல் மருத்துவர் சரியாகவே பார்த்திருக்கிறார். பல்வலி படியைப் பார்த்து வருவதில்லை, மண்டபத்தில் உட்கார்ந்தால் போவதும் இல்லை. உழைக்கும்போது வந்து ஓய்வில் நிற்கும் தாடை வலி, நெஞ்சில் வலியே இல்லாவிட்டாலும், இதயத்துக்கு இரத்தம் போதாமையால் வரக்கூடும். இதயத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதைகள் மூளைக்குப் போகும் வழியில் சேர்ந்துகொள்வதால் இடம் மாறித் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பதிலைத் தபாலில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். தள்ளிப்போடாமல் அன்றே இதய மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும், ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாமல், ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் நிற்கிறது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே அந்த வலி வந்தாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போக வேண்டாம். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை மலைப்படியில் கால் வைக்காதீர்கள். பெரிய மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது. நரசிம்மரை அதற்குப் பிறகு அதில் போய்ச் சேவித்துக்கொள்ளலாம்.